சின்னக் கைக்கு எந்தத் துப்பாக்கி?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு துப்பாக்கியைப் பற்றியே இருந்தன. கல்லூரியில் என்.சி.சி.யில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் இலக்குச் சுடுதலில் இருந்தவள், என் கையும் சின்னக் கைதான் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 34. அப்பாவுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை கொள்முதலை நான்தான் பார்க்கிறேன். சீசனில் பணத்தோடு தனியாகப் போய்வர வேண்டியிருக்கிறது. ஒருமுறை வழிமறித்தார்கள், எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறது. லைசென்ஸ் வந்துவிட்டது. கடையில் போய்க் கேட்டால், லேடீஸுக்கு இதுதான் என்று இருப்பதிலேயே சின்னதை எடுத்து வைக்கிறார்கள். நான் வளையல் 2.2 போடுகிறவள், கை அவ்வளவு சின்னது. வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளவும் வேண்டும். எதை வாங்குவது?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அந்த ‘லேடீஸ் துப்பாக்கி’ என்ற பேச்சை மறந்துவிடுங்கள். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும், ஆனால் சுட்டுப் பார்த்தால் பல நேரம் தலைகீழாக இருக்கும். ஒரே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உதைப்பு அதிகம், பிடி குட்டையாக இருந்தால் சுண்டுவிரல் காற்றில் தொங்கும், அந்த உதைப்பைத் தாங்க வேண்டிய கையில் ஒரு விரல் குறைந்துவிடும். வளையல் அளவும் இதற்கு உதவாது. வளையல் உள்ளங்கை விரல் முட்டிகளின் அகலத்தைச் சொல்லும். நமக்கு வேண்டியது உங்கள் ஆள்காட்டி விரலின் நீளம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கடைக்காரர் பார்த்துக் காட்டட்டும், பிறகு நீங்களும் உங்கள் கண்ணால் பாருங்கள், அவர் பார்த்துவிட்டாரே என்று விட்டுவிட வேண்டாம். ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு மேலே போய் உட்கார வேண்டும், துப்பாக்கிக் குழாயும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிடியைக் கொஞ்சமும் மாற்றாமல் ஆள்காட்டி விரலை ட்ரிகரில் வைத்துப் பாருங்கள். விரல் நுனிச் சதையின் நடுப்பகுதி ட்ரிகரில் படிந்தால் அது உங்களுக்கான துப்பாக்கி. எட்டவில்லை என்றால் கை தானாகவே துப்பாக்கியைக் கொஞ்சம் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், உங்களுக்கே தெரியாது. அப்படிச் சுடும்போது உதைப்பு உள்ளங்கையில் இறங்காமல் கட்டைவிரல் அடியில் போய் இடிக்கும், குறியும் ஒரு பக்கமாக இழுக்கும்.

தோட்டா உருளை (சிலிண்டர்) சுழலும் ரிவால்வரில் இன்னொன்று இருக்கிறது, இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். சுத்தியலை, அதாவது பின்னால் இருந்து தோட்டாவை அடிக்கும் பாகத்தை, பின்னுக்கு இழுத்து நிறுத்தினால் ட்ரிகரும் கூடவே பின்னால் வந்துவிடும். அப்போது விரல் வைத்துப் பார்த்தால் எல்லாருக்கும் எட்டும், அழுத்தவும் இலகுவாக இருக்கும். கடையில் பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் வழியில் ஒருவன் மறிக்கும் நேரத்தில் சுத்தியலை நிதானமாக இழுத்து வைக்க யாருக்கும் அவகாசம் இருக்காது. சுத்தியல் கீழே படுத்திருக்கும்போது ட்ரிகர் முன்னால் தள்ளி இருக்கும், அழுத்த நாலைந்து கிலோ பலம் கேட்கும். அந்த நிலையில் விரல் எட்டுகிறதா, குழாய் ஆடாமல் கடைசிவரை அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். குழாயின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அது விழாமல் பத்து முறை அழுத்திப் பார்க்கலாம். ஐந்தாவது முறையிலேயே விரல் நடுங்கினால் அந்தத் துப்பாக்கி வேண்டாம். இந்தச் சோதனையை .22 ரிம்ஃபயர் துப்பாக்கியில் (தோட்டாவின் அடி விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் வகை) மட்டும் வெறுமனே செய்யக் கூடாது, அதில் தோட்டா இல்லாமல் அடித்தால் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதிக் கெட்டுப்போகும். டம்மி தோட்டா போட்டுச் செய்யுங்கள்.

இப்போது எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். 9 எம்.எம்., .32, .22 என்பதெல்லாம் தோட்டாவின் குறுக்களவைக் குறிக்கும் பெயர்கள். நம் நாட்டில் 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண லைசென்ஸில் வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து தனியாருக்கு இறக்குமதி எண்பதுகளின் நடுவிலேயே நின்றுவிட்டது, அதனால் பழைய வெளிநாட்டுப் பிஸ்டல் கைமாறும்போது லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள், அதைத் துரத்த வேண்டாம். உங்கள் முன்னால் இருப்பது பெரும்பாலும் அரசு தொழிற்சாலையின் .32, .22 ரகங்கள். கான்பூரில் 2014இல் வந்த ‘நிர்பீக்’ ரிவால்வர் .32, எடை சுமார் 500 கிராம். பெண்களுக்கென்று சொல்லித்தான் விற்றார்கள். இஷாபூரின் ‘நிடர்’ .22, எடை 250 கிராம்தான், கடைக்காரர் எடுத்து வைத்தது அநேகமாக இதுவாக இருக்கும். 2023இல் வந்த ‘பிரபல்’ .32, சுமார் 700 கிராம், குழாய் 76 மில்லிமீட்டர், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும்.

என்னிடம் கேட்டால் பட்டியலில் நிடரைக் கடைசியில் வைப்பேன். பையில் இருப்பதே தெரியாது என்பது உண்மை, ஆனால் .22 ரிம்ஃபயர் தோட்டா மற்றதைவிட அதிகமாக ஏமாற்றும், அழுத்தினால் வெடிக்காமல் போவது இதில்தான் அதிகம், அவ்வளவு சின்னப் பிடியைப் பதற்றத்தில் சரியாகப் பிடிப்பதும் கஷ்டம். நிர்பீக்கையும் பிரபலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் சொன்னபடி பாருங்கள். 700 கிராம் முதலில் கனமாகத் தெரியும். அந்தக் கனம்தான் சுடும்போது உதைப்பை வாங்கிக்கொள்ளும். .32 ரிவால்வர் தோட்டா அடிப்படையிலேயே மென்மையானது, கொஞ்சம் எடையுள்ள துப்பாக்கியில் உங்கள் கை அதைத் தாராளமாகத் தாங்கும். பழைய வெப்லி வார்ப்பில் வந்த ரிவால்வர்களைக் குழாயை மடக்கித் திறக்க வேண்டும், அதற்கான கொக்கியைக் கட்டைவிரலால் தள்ள வேண்டும். உங்கள் கட்டைவிரல் எட்டுகிறதா, தள்ளப் பலம் இருக்கிறதா என்று அதையும் பாருங்கள். சுடுவதைவிட அதிக முறை நீங்கள் செய்யப்போகிற வேலை திறந்து மூடுவதுதான்.

பிஸ்டல் வேண்டாமா என்று கேட்பீர்கள். .32 பிஸ்டல் தட்டையானது, மறைத்து வைக்க ரிவால்வரைவிட நல்லது. ஆனால் இதில் தோட்டாவை ஏற்ற, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு என்ற பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தோட்டாவின் வேகத்துக்கு எதிராக அதைப் பிடித்து வைப்பது ஸ்லைடின் எடையும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும்தான், அதனால் அந்த ஸ்பிரிங் கடினமாக இருக்கும். விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் வராது. இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து முழுசாகக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னே தள்ளுங்கள், பலம் பாதிதான் வேண்டும். இதைச் செய்தும் பத்தில் இரண்டு முறை தவறினால் ரிவால்வருக்கே போய்விடுங்கள்.

மறைத்து வைப்பது பற்றி. நம் சட்டமும் அதைத்தான் கேட்கிறது: 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், முழுதாக மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கைப்பையில் வைக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். பைக்கில் வருகிறவன் முதலில் பறிப்பது பையைத்தான், பணத்தோடு துப்பாக்கியும் அவன் கைக்குப் போய்விடும். சுடிதார் போடும் நாளில் இடுப்பு பெல்ட்டில், ட்ரிகரை முழுதாக மூடும் விறைப்பான உறையில் வைத்து மேலே தளர்வான டாப்ஸ் போட்டால் தெரியாது. சேலையில் இடுப்பில் வைப்பது சரிப்படாது, கொசுவத்தோடு சேர்ந்து நகரும். வேறு வழியே இல்லாமல் பைதான் என்றால், தோளில் குறுக்காக மாட்டும் பையில் துப்பாக்கிக்கென்று தனி அறை, அந்த அறையில் சாவி, பேனா, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது, உள்ளே உறையும் வேண்டும். வாங்கியதும் ஒரு வாரம் தோட்டா இல்லாமல் வீட்டிலேயே அணிந்து நடங்கள், உட்காருங்கள், குனிந்து கோலம் போடுங்கள். எங்கே குத்துகிறது, எங்கே துருத்துகிறது என்று அப்போது தெரியும்.

அப்புறம் ஒன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. கொள்முதல் பணத்தில் எவ்வளவை வங்கி வழியாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவைக் கொடுங்கள், கிளம்பும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். உங்களிடம் பணம் இல்லை என்று தெரிந்தால் மறிக்க வருகிறவனே குறைவு.

கேள்வி: அப்பாவுக்கு 73 வயது. அவருடைய பழைய .32 ரிவால்வர் முப்பது வருடமாக வீட்டில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற முடியுமா? பிடி எனக்குப் பெரியதாக இருக்கிறது, தச்சரிடம் கொடுத்துச் செதுக்கலாமா?
— ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முடியும். லைசென்ஸ்தாரர் 70 வயதைத் தொட்டாலோ, ஆயுதத்தை 25 வருடம் வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது அவர் குறிப்பிடும் வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே பொருந்துகிறது. ஆனால் அது தானாக வந்துவிடாது, நீங்களும் புதிதாக விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் முடிக்க வேண்டும். அதுவரை அந்தத் துப்பாக்கி அப்பாவுடையது, நீங்கள் அதை எடுத்துக்கொண்டு வெளியே போகக் கூடாது, அவசரத்துக்கு என்றாலும் கூடாது.

பிடி விஷயத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் மரத் தகட்டை மெல்லிசாக்கலாம், அது கழற்றி மாட்டுகிற பாகம்தான். பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக ஒரு ஜோடி செய்துகொள்ளுங்கள். துப்பாக்கியைத் தச்சரிடம் கொடுக்க வேண்டாம், தகட்டை மட்டும் கொடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று நான்கு மில்லிமீட்டர் குறைந்தாலே விரல் எட்டும் தூரத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். உள்ளே ஸ்பிரிங்கை வெட்டி ட்ரிகரை இலகுவாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பிறகு தோட்டா வெடிக்காமல் போகும். குழாயைக் குட்டையாக்குவது குற்றம், அந்தப் பேச்சே வேண்டாம். தகட்டைக் குறைத்தும் விரல் எட்டவில்லையா, லைசென்ஸ் கிடைத்ததும் முறைப்படி டீலரிடம் விற்றுவிட்டு உங்கள் கைக்கு ஏற்றதை வாங்குங்கள். அப்பாவின் பொருளாயிற்றே என்று மனசு கேட்காது, எனக்குப் புரிகிறது. ஆனால் பிடிக்க முடியாத துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்று நினைப்பது உங்களுக்குத்தான் ஆபத்து.

கேள்வி: எனக்குக் கடலூர் கலெக்டர் ஆபீஸில் வாங்கிய லைசென்ஸ். கடை புதுச்சேரியில், தினம் முள்ளோடை வழியாகப் போகிறேன். துப்பாக்கியை எடுத்துப் போகலாமா?
— ஒரு வாசகர், கடலூர்

பதில்: தம்பி, உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் ஆல்பேட்டை தாண்டி முள்ளோடையில் நுழைந்த நிமிடமே உங்களிடம் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. நமக்கு அது ஒரே ஊர் மாதிரி, அரை மணி நேரப் பயணம், ஆனால் சட்டத்துக்குப் புதுச்சேரி வேறு யூனியன் பிரதேசம். எல்லையை விரிவாக்கித் தரச் சொல்லி மனுக் கொடுங்கள், வரும்வரை வீட்டில் பூட்டி வையுங்கள். தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை, ரிவால்வரில் புள்ளி புள்ளியாகத் துரு. நல்ல தோல் உறையில்தான் வைத்திருக்கிறேன்.
— ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அந்தத் தோல் உறைதான் காரணம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உங்கள் வீடோ கடலுக்குப் பக்கத்தில், காற்றிலேயே உப்பு. உடம்போடு ஒட்டி வைப்பதால் வியர்வையும் சேர்ந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, துப்பாக்கி எண்ணெயை லேசாகத் தடவி, உறைக்கு வெளியே சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள், தோட்டா தனியாக இன்னொரு பூட்டில் இருக்கட்டும், குழந்தைகள் வந்துபோகிற வீடென்றால் சாவி எப்போதும் உங்களிடம்தான். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளாக ஆகப் பிசுக்காகி உள்ளே இறுகிவிடும். பிடியில் மட்டும் எண்ணெய் படக் கூடாது, சின்னக் கையில் வழுக்கினால் பிடித்து நிறுத்த முடியாது. பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள், 2024 நவம்பர் ஃபெஞ்சல் மழையில் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்று உங்களுக்கே தெரியும். இப்போது இருக்கும் புள்ளித் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் பொறுமையாகத் துடையுங்கள், போகவில்லை என்றால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள்.