ஆர் தெரியும், எஸ்.கியூ.எல். தெரியாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் முடித்து, ஒப்பந்த விரிவுரையாளராக இருக்கிறேன். ஆர், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் நன்றாக வரும். தரவுப் பகுப்பாய்வு வேலைக்கு மாற எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழியான எஸ்.கியூ.எல்.லிலிருந்து தொடங்குங்கள். பைத்தான் நிரல்மொழி பிறகு வரட்டும்; ஆர் பழகிய கைக்கு அது கடினமில்லை. ஆய்வில் பெரும்பாலும் ஒரே கோப்போடு வேலை செய்திருப்பீர்கள். காப்பீட்டு நிறுவனத்திலோ மொத்த வியாபாரத்திலோ தரவு பல அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும். அதைச் சரியாக இணைத்து எடுப்பதிலேயே பாதி நாள் போகும்.

பழக எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருள் போதும். இலவசம், சர்வரும் தேவையில்லை. தரவைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட், வடிகட்டும் வேர், தொகுக்கும் குரூப் பை ஆகிய கட்டளைகள் விரைவில் பிடிபடும். அட்டவணைகளை இணைக்கும் ஜாயினுக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளருக்கு இரண்டு முகவரி பதிவாகியிருந்தால், விற்பனை அட்டவணையோடு இணைத்ததும் அவர் செலவிட்ட 800 ராண்ட் 1,600 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது! ஆகவே இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுங்கள், மொத்தத் தொகையையும் ஒப்பிடுங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்க அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டைக் குறிக்கும். சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) எக்செலில் அப்படியே திறந்தால், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண்ணில் முன்னால் உள்ள பூச்சியம் உதிர்ந்துவிடும். பிறகு அந்த எண் வேறு அட்டவணையோடு பொருந்தாது. இளைஞர்கள் மட்டும் கணக்கிலிருந்து விடுபடுவார்கள். அந்த நெடுவரிசையை உரை வடிவிலேயே இறக்குமதி செய்யுங்கள். விண்டோஸின் தென்னாப்பிரிக்க அமைப்பு தசமத்துக்குக் காற்புள்ளியை எதிர்பார்ப்பதால், புள்ளி வைத்த எண்கள் எழுத்தாக நின்று கூட்டலில் சேராமல் போவதும் உண்டு.

கேள்வி: நேர்முகத்தில் காட்ட என்னிடம் வேலை மாதிரி இல்லை. ஆய்வேட்டுக்குத் திரட்டிய நோயாளர் தரவைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: வேண்டாம். அவர்கள் சம்மதித்தது உங்கள் ஆய்வுக்கு மட்டுமே. தனிநபர் தகவலைக் காக்கும் போபியா சட்டமும் உடல்நலத் தகவலைத் தனிக் காப்புக்கு உரியதாக வைத்திருக்கிறது.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஃபர்ஸ்ட் தளத்தில் காலாண்டு தொழிலாளர் கணக்கெடுப்பின் கோப்பை எடுங்கள். குவாசுலு நடாலில் 15 முதல் 34 வயது வரை உள்ளோரின் வேலையின்மை விகிதத்தை, தேடிக் களைத்துத் தேடுவதையே விட்டவர்களைச் சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: இது மாதிரிக் கணக்கெடுப்பு, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எடை உண்டு; அந்த ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு நிற்கிறார் என்பதை அது சொல்லும். தலைகளை மட்டும் எண்ணினால் விகிதம் பிசகும். முதலில் நாடு முழுவதற்குமான விகிதத்தைக் கணக்கிட்டு, நாட்டின் புள்ளியியல் துறையான ஸ்டாட்ஸ் எஸ்.ஏ. வெளியிட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துவந்த பிறகே மாகாணத்துக்கு இறங்குங்கள். இந்தச் சரிபார்ப்பையும் அறிக்கையில் எழுதுங்கள். உங்களை வேலைக்கு எடுப்பவருக்கு வண்ண வரைபடத்தைவிட அதுவே நம்பிக்கை தரும்.

கேள்வி: தன்விவரக் குறிப்பு எட்டுப் பக்கம் வருகிறதே?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: இரண்டு பக்கமாகச் சுருக்குங்கள். கட்டுரைப் பட்டியலும் மாநாடுகளும் ஒரே வரியில் அடங்கட்டும். ஒவ்வொரு பணிக்கும் தரவின் அளவு, கையாண்ட கருவி, அதனால் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்ற மூன்றையும் எழுதுங்கள். ஆய்வுத் தலைப்பை நேர்முகத்தில் கேட்டால் சொல்லலாம்.