கொயில் சுற்றுமுன் வயரை அளந்து பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கூரையிலிருந்து தென்னைவரை 20 மீட்டர் வயரை அன்டெனாவாகக் கட்டி, அதன் நுனியிலேயே 20 வாட் அமெச்சூர் ரேடியோ செட்டை இணைத்திருக்கிறேன். 7 மெகாஹேர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (அன்டெனா சரியாகப் பொருந்தாமல் எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு) இறங்கவே மாட்டேன் என்கிறது. உருட்டி அளவை மாற்றும் ரோலர் கொயில் தேடியும் கிடைக்கவில்லை. டேப் எடுத்த (நடுநடுவே இணைப்பு எடுத்த) கொயிலால் ட்யூனர் (செட்டையும் வயரையும் பொருத்தும் கருவி) செய்யலாமா? எத்தனை சுற்று?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதலில் கை வைக்க வேண்டியது வயரில். 7 மெகாஹேர்ட்ஸுக்கு 20 மீட்டர் கிட்டத்தட்ட அரை அலைநீளம். நுனியில் இம்பீடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கு வயர் காட்டும் எதிர்ப்பு) ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறிவிடும். 14, 21 மெகாஹேர்ட்ஸிலும் இதே கதைதான். 16 மீட்டராக வெட்டுங்கள், ட்யூனருக்குப் பாதி வேலை மிச்சம்.

கொயிலுக்கு 5 சென்றிமீற்றர் விட்டமுள்ள பிவிசி பைப் போதும். 1.5 மில்லிமீற்றர் எனாமல் செப்புக்கம்பியை 3 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்றாக 24 சுற்று சுற்றினால் ஏறக்குறைய 15 மைக்ரோஹென்றி வரும். டேப்களைச் சம இடைவெளியில் எடுக்காதீர்கள். மேல் பாண்டுகளில் (14, 21 போன்ற உயர் அலைவரிசைகளில்) ஒரு சுற்று கூடினாலே நிலைமை மாறிவிடும். அதனால் 1, 2, 3, 4, 6, 8, 11, 14, 18 என்று போங்கள். டேப்பில் குத்தும் கிளிப்பின் வயரைக் கொயிலின் கடைசி முனையோடும் இணைத்துவிடுங்கள். மிச்சச் சுற்றுகளைச் சும்மா தொங்கவிட்டால் அங்கே அதிக வோல்டேஜ் எழும்பும்.

கண்டென்சருக்குப் பழைய வால்வு ரேடியோவின் கேங் (ஸ்டேஷன் பிடிக்கத் திருப்பும் கண்டென்சர்) போதும். 20 வாட்டுக்குத் தாங்கும், 100 வாட்டுக்கு நான் நம்பமாட்டேன். கொயில் செட்டுக்கும் வயருக்கும் நடுவில், கண்டென்சர் வயர்ப் பக்கத்திலிருந்து எர்த்துக்கு. 14 மெகாஹேர்ட்ஸில் 16 மீட்டராக வெட்டிய இந்த வயரின் இம்பீடன்ஸ் வெகுவாக இறங்கிவிடும். அப்போது கண்டென்சரைச் செட் பக்கம் மாற்ற வேண்டிவரலாம். அதன் இணைப்பையும் கிளிப்பிலேயே வையுங்கள்.

எர்த் விஷயத்தில் கடல் பக்கத்தில்தானே என்று ஏமாறாதீர்கள். காய்ந்த மணலில் அடித்த கம்பி பெயருக்குத்தான் எர்த். ட்யூனரின் எர்த் முனையிலிருந்து 10 மீட்டர் வயர் இரண்டு மூன்றைத் தரையில் விரியுங்கள்.

ட்யூன் பண்ணும்போது முதலில் ரிசீவரில் இரைச்சல் கூடும் டேப்பைப் பிடியுங்கள். அப்புறம் 5 வாட்டில் கண்டென்சரைத் திருப்பி எஸ்டபிள்யூஆரைக் குறையுங்கள். டேப் மாற்றும்போது கீயை (அலை அனுப்ப அழுத்தும் சுவிட்சை) விட்டுவிட வேண்டும். உப்புக்காற்றில் கிளிப் சீக்கிரம் பச்சை பிடிக்கும், மாதம் ஒருமுறை சுரண்டுங்கள். ஐப்பசி இடி தொடங்குமுன்பே வயரைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.