வீட்டில் வேர்க்கடலை அவித்தால் ஓடு மட்டும் கரிக்கிறது, பருப்பு சப்பென்று இருக்கிறது. என்ன செய்வது?

வெந்ததும் தண்ணீரை வடித்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் காரணம் அதுதான். கடலை வேகத்தான் கொதி தேவை; உப்பு நன்றாகப் பிடிப்பது அது ஆறும்போது. சூட்டில் ஓட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறிவிடும். ஆற ஆற, அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அதனால் அடுப்பை அணைத்த பிறகு அதே தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரமாவது கிடக்கட்டும். நான் ஒரு மணி நேரம் விடுவேன். நடுவில் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். ஓடு பிளந்து தண்ணீர் பீச்சி அடித்தால் உப்பு இறங்கிவிட்டது என்று அர்த்தம். வாயில் போட்டு, போதும் என்று பட்டதும் வடித்துவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் கரிக்கும்.

கடலை மிதக்கும் என்பதால், மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் மேலே இருப்பதில் உப்பு சரியாக ஏறாது.

அளவு என்றால், ஓட்டோடு அரை கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 40 கிராம் கல்லுப்பு. முதலில் மண் போக, தண்ணீர் கலங்காமல் வரும்வரை அலசிவிடுங்கள். புதிதாகப் பிடுங்கிய பச்சைக் கடலை என்றால் குக்கரில் மூன்று நான்கு விசில், அப்புறம் சிறு தீயில் பத்து நிமிடம். திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் வற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், எனவே வெந்நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். விசில் கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும், கடித்துப் பார்ப்பதைத்தான் நான் நம்புவேன்.

காய்ந்த கடலைதான் கிடைத்ததா? இரவு முழுக்க ஊறவைத்து, வேகும் நேரத்தையும் கூட்டுங்கள். வறுத்த கடலை இதற்கு ஆகவே ஆகாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். பூஞ்சை பிடித்தது, கறுத்தது, சுருங்கியது எல்லாவற்றையும் முன்பே பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு, வேகவைப்பதால் போய்விடாது. உடைக்கும்போது உள்ளே பூஞ்சை தெரிந்தாலும் அப்படியே தூக்கிப் போடுங்கள்.

மிஞ்சியதை வடித்து, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். வெளியே வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். தொட்டால் பிசுபிசுவென்று இருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ சாப்பிடாதீர்கள்.