தடுப்புத் தூண்களை அளக்கும் பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மகளைக் கடன் வாங்கியாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கச் சொல்கிறார் அவள் மாமா. மகளோ சிவில் இன்ஜினியரிங்தான் என்கிறாள். "வெயிலில் நின்று செங்கல் எண்ணவா இவளைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடைசி வரிகளைப் பார்த்ததும், வாதாடியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

எங்கே போனாலும், வண்டி நுழையாதபடி கட்டட வாசலில் நட்டிருக்கும் தடுப்புத் தூண்களின் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதுகிறாள் என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். அம்மா, அந்த இடைவெளிக்குக் கணக்குப் போடச் சம்பளம் கொடுக்கிற தொழிலே இருக்கிறது; வண்டி மோதலிலிருந்தும் குண்டுவெடிப்பிலிருந்தும் கட்டடங்களையும் மக்களையும் காக்கும் பொறியியல் அது. அந்த இடைவெளி பெரும்பாலும் 1.2 மீட்டரைத் தாண்டாது. சக்கர நாற்காலி போகலாம், கார் நுழைய முடியாது.

2016-ல் பிரான்சின் நீஸ் நகரில் கூட்டத்துக்குள் லாரி பாய்ந்து 86 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நடைபாதையில் ஏறிய கார் ஒரு பெண்ணின் உயிரைப் பறித்தது. அது அதற்கு மேல் ஓடாமல் நிறுத்தியவை எஃகுத் தூண்கள். அப்படி ஒரு தூணை நடுவது லேசான வேலை இல்லை. வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். அதனால் தூணைத் தடிமனாக்குவதற்கு முன், வண்டி வேகமே எடுக்காதபடி பாதையை வளைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். தரைக்கு அடியில் குழாயும் கேபிளும் ஓடினால் ஆழமாகத் தோண்ட முடியாது. ஆழம் குறைந்த அஸ்திவாரத்திலேயே அதே பலத்தைக் கொண்டுவர வேண்டும். அப்புறம் நிஜ வண்டியை மோதவிட்டு, எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்று அளப்பார்கள். இதற்கு 2023-ல் ஐஎஸ்ஓ 22343 என்ற சர்வதேசத் தரநிலையே வந்துவிட்டது. லண்டனில் ஆர்சனல் அணியின் மைதானத்துக்கு வெளியே அணியின் பெயர் பெரிய கான்கிரீட் எழுத்துகளில் நிற்கிறது. பார்ப்பவர்களுக்கு அலங்காரம், வேலை வாகனத்தைத் தடுப்பது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

குண்டுவெடிப்புப் பக்கம் இன்னும் ஆழமானது. 1995-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடத்தின் முன் லாரி குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். முன்வரிசைத் தூண்கள் சில போனதும், மேல்தளத் தூண்களைத் தாங்கிய பெரிய உத்திரம் விழுந்தது; கட்டடத்தின் ஏறக்குறைய பாதி அதோடு சரிந்தது. ஒரு தூண் போனால் பக்கத்துத் தூண்கள் அந்தப் பாரத்தை ஏற்குமா? வண்டியை எவ்வளவு தள்ளி நிறுத்தினால் அழுத்தம் தாங்கும் அளவுக்குக் குறையும்? ஜன்னலில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட் கண்ணாடி போட்டால், உடைந்த துண்டுகள் பறக்காமல் அந்தப் படலம் பிடித்துக்கொள்ளுமா? இந்தக் கேள்விகளோடுதான் அவள் தினமும் வேலைக்குப் போவாள். பெரும்பாலும் கணினி முன்னால்தான், வெயிலில் இல்லை.

வழி இதுதான்: முதலில் சிவில் பட்டம். பிறகு முதுகலையில் கட்டமைப்புப் பொறியியல். அதில் அதிர்வும் திடீர்ச் சுமையும் படிக்கும் பாடங்களை அவள் விடக் கூடாது. இது சிறிய துறை. படித்து முடித்த அன்றே கூப்பிட மாட்டார்கள். சாதாரணக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் சில வருடம் கை பழகித்தான் இங்கே வர முடியும். 'பாதுகாப்பு மேலாண்மை' என்று கவர்ச்சியான பெயரில் அதிகக் கட்டணம் கேட்கும் குறுகிய படிப்புகளில் இப்போது சேர்க்காதீர்கள். அடிப்படைப் பொறியியல் இல்லாமல் அந்தச் சான்றிதழை வைத்து ஒரு தூணைக்கூட வடிவமைக்க முடியாது.

கடன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் கேட்காத படிப்புக்காக வாங்கும் கடனை நாளைக்கு அவள்தான் அடைக்க வேண்டும். மாமா அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் தவணை அவர் பெயரில் வராது.

விண்ணப்பத்தில் இந்த வாரம் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள், அந்த நோட்டும் கையில் இருக்கட்டும். மாமாவும் வந்தால் நல்லது. எந்தத் தூணை ஏன் அளந்தாள் என்று அவளே அவருக்குச் சொல்லட்டும்.