பெங்களூர்த் தமிழர்கள் சென்னை அணியை விட்டுவிட்டு ஆர்சிபிக்குக் கைதட்டுவது துரோகம் இல்லையா?

கேட்டவர் சென்னையிலிருந்து வேலைக்காக வந்து ஒயிட்ஃபீல்டு பக்கம் ஏதாவது பிஜியில் தங்கியிருப்பவராக இருக்க வேண்டும். பக்கத்து அறையில் நல்ல தமிழ் பேசுகிற ஒருவன் பெங்களூர் ஐபிஎல் அணியான ஆர்சிபியின் சிவப்பு ஜெர்சி போட்டுக்கொண்டு குதித்திருப்பான், உங்களுக்கு வயிறு எரிந்திருக்கும். புரிகிறது. ஆனால் ‘துரோகம்’ என்று போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

என் தாத்தா திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குப் பிழைக்க வந்தவர். அப்பா பிறந்தது அல்சூரில், நானும் அங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும் கலந்து. தமிழ்நாட்டில் எனக்கு ஓட்டு கிடையாது, ரேஷன் கார்டு கிடையாது. ஏப்ரல், மே வந்தால் மட்டும் அங்கே எனக்கு ஒரு கடமை இருப்பதாகச் சொல்கிறீர்கள்.

‘91 மறந்துவிட்டதா, 2016 மறந்துவிட்டதா’ என்று எழுத இந்நேரம் சிலர் கையைத் தூக்கியிருப்பார்கள். மறக்கவில்லை. காவிரிப் பிரச்சினையில் இங்கே தமிழர்களைத் தாக்கியபோதெல்லாம் கடையைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தது நாங்கள். அதை டிவியில் பார்த்தவர்கள் எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம். 2018-ல் இதே காவிரிக்காகச் சென்னையில் போராட்டம் நடந்து, சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டு சிஎஸ்கே புனேக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனதே, அந்த வருடம் புனேக்காரர்கள் மஞ்சள் கொடி பிடித்தார்கள். அவர்களை யாராவது துரோகி என்றார்களா?

இன்னும் ஒன்று. நியூசிலாந்தின் ரச்சின் ரவீந்திராவின் அப்பா, அம்மா பெங்களூர்க்காரர்கள். 2023 உலகக் கோப்பையில் எங்கள் ஊர் சின்னசாமி மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் சதம் அடித்தபோது ஸ்டேடியமே ‘ரச்சின், ரச்சின்’ என்று கத்தியது. சரி, அது பாகிஸ்தான். அடுத்த வருடம் அக்டோபரில் அதே மைதானத்தில் இந்தியாவை 46 ரன்னுக்குச் சுருட்டிவிட்டு, அப்புறம் வந்து இவர் 134 அடித்தார். 36 வருடத்துக்குப் பிறகு இந்தியாவில் நியூசிலாந்து ஜெயித்த டெஸ்ட் அது. அப்போதும் இந்த ஊர் அவருக்குக் கை தட்டியது. வெலிங்டனில் பிறந்தவர் வெலிங்டனுக்கு ஆடுகிறார், அவ்வளவுதான். அல்சூரில் பிறந்தவன் விஷயத்தில் மட்டும் ஏன் இந்தக் கணக்கு உதைக்கிறது?

ராஞ்சிக்காரரை ‘தல’ என்று தலையில் தூக்கி வைத்திருப்பவர்கள் மண்ணைப் பற்றி என்னிடம் பேசுவதும் வேடிக்கைதான். தோனியைக் குறை சொல்லவில்லை, அடிக்க வராதீர்கள். 2025-ல் ஆர்சிபி கப் வாங்கியபோது பேட்டிங் பயிற்சியாளர் யார்? சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக். அவரையும் துரோகிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டு நிலைமையைச் சொன்னால்தான் உங்களுக்கு இது விளங்கும். மனைவி சென்னை, வில்லிவாக்கம். அவள் வீட்டில் எல்லாரும் மஞ்சள். 2025 மே 3, சனிக்கிழமை, மாமனாரும் மச்சானும் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இருந்தார்கள். ஆர்சிபி - சிஎஸ்கே மேட்ச், அதுவும் சின்னசாமியில். சென்னை அந்த வருடம் கடைசி இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் மாமனார் குளித்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஆர்சிபி 18 ஓவரில் 159. ‘பரவாயில்லை மாப்பிள்ளை, உங்காளுங்க நூத்தி எண்பது கிட்ட வந்துடுவாங்க’ என்று ஆறுதல் சொன்னார். அப்புறம் ரொமாரியோ ஷெப்பர்ட் 14 பந்தில் ஐம்பது அடித்தார். கடைசி இரண்டு ஓவரில் மட்டும் 54 ரன். மச்சான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை, முறுக்குத் தட்டை மட்டும் மாமனார் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

சேஸிங்கில் ஆயுஷ் மாத்ரே என்கிற 17 வயதுப் பையன் 94 அடித்தான். கூடவே ஜடேஜா. இரண்டு பேரும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, நான் ஆர்சிபி ஆள் என்பதே ஒரு கட்டத்தில் எனக்கு மறந்துபோனது. மாத்ரே அவுட்டான அடுத்த பந்தில் பிரெவிஸுக்கு எல்பிடபிள்யூ. ரன் எடுக்க ஓடி, நின்று, யோசித்து, அம்பயர் முடிவை மறுபடி பார்க்கச் சொல்லி ரிவியூ கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ரீப்ளேயில் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போகிறது. மச்சான் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

கடைசி ஓவர், 15 ரன் வேண்டும், யாஷ் தயாள் கையில் பந்து. மூன்றாவது பந்தில் தோனி அவுட். அடுத்தது இடுப்பு உயர ஃபுல் டாஸ், நோ பால், துபே சிக்ஸர். மூன்று பந்தில் ஆறு ரன், முதல் பந்தே ஃப்ரீ ஹிட். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். நானும்தான். ஒன்று, ஒன்று, ஒன்று. இரண்டு ரன்னில் ஜெயித்தோம். அந்த வீட்டில் ஒரே ஒருவன் சந்தோஷப்பட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? சத்தம் போட முடியாது. பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு ஒரு குதி குதித்தேன். மச்சான் மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போதும் ‘அந்த ரிவியூ மட்டும் குடுத்திருந்தா மாமா’ என்றான். இன்றைக்கும் போன் பேசி வைக்கும் முன் அதைச் சொல்லிவிட்டுத்தான் வைப்பான்.

இதில் துரோகம் எங்கே இருக்கிறது? ஒரே தட்டில் முறுக்கு தின்றோம், சண்டை போட்டோம், தூங்கினோம்.

ஜூன் 3, அகமதாபாத் ஃபைனலைப் பற்றி நிறைய எழுத ஆசைதான். பஞ்சாபை ஆறு ரன்னில் ஜெயித்தது, ஓவர் முடியும் முன்பே கோலி கண் கலங்கி நின்றது, 2009, 2011, 2016 என்று மூன்று ஃபைனல் தோற்றவர்களின் பதினெட்டாவது வருடம். ஆனால் மறுநாள் சின்னசாமி வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்துபோய்விட்டார்கள். எங்கள் தெருப் பையன்கள் சிலரும் அன்று அங்கே போயிருந்தார்கள். எல்லோரும் திரும்பி வந்துசேரும் வரை அவர்கள் வீட்டு அம்மாக்கள் வாசலிலேயே நின்றார்கள். அதற்கப்புறம் கப் பற்றி வாய் திறக்க மனம் வரவில்லை. ‘ஒரு கப்புக்கு இவ்வளவா’ என்று கிண்டல் அடித்தவர்களை நான் பிளாக் செய்துவிட்டேன், திரும்ப எடுக்கிற எண்ணம் இல்லை. ஆர்சிபிக்கு முதல் கப் கொண்டுவந்தது 2024 மார்ச் 17 அன்று டெல்லியில் ஜெயித்த ஸ்மிருதி மந்தனாவின் பெண்கள் அணி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இப்போது மார்ச் 17 என்றதும் எனக்கு வேறொரு மார்ச் 17 ஞாபகம் வருகிறது. என் உண்மையான கடுப்பு அங்கேதான்.

2018 மார்ச் 17, எங்கள் ஊர் கண்டீரவா ஸ்டேடியம், ஐஎஸ்எல் ஃபுட்பால் லீகின் ஃபைனல். பெங்களூரு எஃப்சிக்கு அது முதல் ஐஎஸ்எல் சீசன். லீகில் முதலிடம், சொந்த மைதானம், ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பறந்து விழுந்து தலையால் ஒரு கோல். எங்கள் ரசிகர்கள் நிற்கிற வெஸ்ட் பிளாக்கில் பாட்டு கிழிகிறது. எதிரே யார்? சென்னையின் எஃப்சி! வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ் இருந்த அணி. உங்கள் தோனிக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களுடைய மைல்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து இரண்டு ஹெட்டர், அப்புறம் ரஃபேல் அகஸ்டோ. கடைசியில் எங்கள் மிக்கு ஒன்று போட்டும் போதவில்லை. 3-2. எங்கள் ஊரில், எங்கள் கண் முன்னால், சென்னை கப் தூக்கியது.

தொண்டை கட்டிப்போய் மெட்ரோவில் திரும்பி வருகிறேன். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். மச்சான் கூப்பிடுவான், மானத்தை வாங்குவான், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டு, ‘உங்க ஊர்க்காரங்க எங்களை அடிச்சிட்டாங்கடா’ என்றேன். ‘எப்போ மாமா? ஐபிஎல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே’ என்றான்.

அவமானத்தில் எத்தனையோ வகை உண்டு. கிண்டல் செய்யக்கூட ஆள் இல்லாத தோல்வி தனி வகை.

அதனால்தான் கேட்கிறேன், கேள்வி கேட்டவரே, சென்னையின் எஃப்சி ஆடுகிற மேட்ச் ஒன்றையாவது முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா? மண், மொழி, துரோகம் எல்லாம் கிரிக்கெட்டுக்கு மட்டுமா? எங்கள் அல்சூர் கௌதமபுரத்துக்கு வந்து பாருங்கள். தமிழ் பேசுகிற ஜனங்கள்தான். அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் அங்கே சிலை இருக்கிறது. உலகக் கோப்பை வந்தால் தெரு முழுக்கப் பிரேசில் மஞ்சள். அங்கே மஞ்சள் என்றால் அதுதான், நீங்கள் நினைக்கிறது இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நம் அணி வெறுங்காலோடு ஆடியதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மேட்சில் இரண்டு பெனால்டி வீணாய்ப் போக, இந்தியா போட்ட ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். ஃபுட்பாலில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல். ஒரு ரோட்டுக்காவது அவர் பெயரை வைத்தால் தேவலை.

சரி, பழைய கதை வேண்டாம், கிட்டத்திலேயே வருகிறேன். 2025 ஏப்ரல் 12, கொல்கத்தாவில் மோகன் பகானோடு ஐஎஸ்எல் ஃபைனல். நாங்கள்தான் முன்னிலை, பெனால்டியில் சமன், கூடுதல் நேரத்தில் மெக்லாரன் போட்டு 2-1, போச்சு. அதே ராத்திரி ஹைதராபாத்தில் அபிஷேக் சர்மா 55 பந்தில் 141 அடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டு டிவியில் எது ஓடியிருக்கும்? நான் போனில், அடுப்படி வாசலில் நின்று ஃபைனல் பார்த்தேன். மெக்லாரன் கோல் போட்ட நேரம் ஹாலில் எதற்கோ விசில் அடித்தார்கள். அபிஷேக் மேல் எனக்குக் கோபம் இல்லை, அருமையான ஆட்டம். ஆனாலும் அந்த விசிலை மன்னிக்க மனசு வரவில்லை.

அந்த வருடம் நவம்பரும் அப்படித்தான். 2-ஆம் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை ஜெயித்து உலகக் கோப்பை வாங்கினார்கள். ஷஃபாலி 87, தீப்தி ஐந்து விக்கெட், நானும் பட்டாசு வாங்கி வெடித்தேன். அதே மாதம் 18-ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் இந்திய ஃபுட்பால் அணி 1-0 தோற்றது. 22 வருடத்துக்கு அப்புறம் அவர்களிடம் தோல்வி. அதற்கு முந்தைய மாதமே கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போய்விட்டது. ஆபீசில் நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா’ என்று கேட்டார்கள்.

இதற்கெல்லாம் காரணம் கேட்டால் சங்கம், பணம், லீக் ஒப்பந்தம் என்று பெரிதாகப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த காரணம் நாங்கள் இப்போது குடியிருக்கும் அபார்ட்மென்ட் வாசலிலேயே தொங்குகிறது. ‘பந்து விளையாடக் கூடாது’. கார் கண்ணாடி உடைகிறதாம். பிள்ளைகள் தரையில் உதைக்கிற பந்து எப்படி நான்காவது மாடிக்காரரின் காரைத் தேடிப் போய் உடைக்கும் என்று மீட்டிங்கில் கேட்டேன். அதற்கு அசோசியேஷன் செயலாளர், மாதா மாதம் ஒழுங்காகப் பராமரிப்புப் பணம் கட்டுகிற என்னைப் பார்த்து, ‘உங்கள் பகுதி கலாச்சாரம் வேறு, இங்கே வேறு’ என்றார். அல்சூரைத்தான் சொல்கிறார். அதே வளாகத்தில் வாக்கிங் போகிறவர்கள் விடியற்காலையில் போனில் பக்திப் பாட்டை ஸ்பீக்கரில் போடுவதற்கு போர்டு கிடையாது. என் பையன் பந்து உதைக்க வேண்டுமென்றால் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்து வாடகை டர்ஃப் மைதானத்துக்குப் போக வேண்டும். ராமன் இன்றைக்குப் பிறந்திருந்தால் அவர் அப்பா ஆப்பில் ஸ்லாட் தேடிக்கொண்டிருப்பார்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் எங்கேயோ போய்விட்டேன் என்பீர்கள். போனால் போகட்டும்.

திருத்தம்: பதில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் வந்து, ‘சேப்பாக்கத்தில் 2008-க்கு அப்புறம் நீங்கள் ஜெயித்ததே இல்லையே, அப்புறம் என்ன வாய்’ என்று எழுதியிருக்கிறார். ஐயா, 2025 மார்ச் 28, ஆர்சிபி 196, சிஎஸ்கே 146. ஐம்பது ரன் வித்தியாசம். சேப்பாக்கத்தில்தான். அன்றைக்கு நீங்கள் டிவியைச் சீக்கிரம் அணைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. என் மாமனாரும் அப்படித்தான் செய்தார்.