அபார்ட்மெண்ட் அசோசியேஷன் தகவல் சொல்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் போதாதா?

போதாது. இரண்டு வருடம் செயலாளராக இருந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

‘எங்கள் அசோசியேஷன் எதையுமே சொல்வதில்லை’ என்று குடியிருப்பவர்களும், ‘அதான் குரூப்பில் போட்டோமே’ என்று கமிட்டியும் மாறி மாறிச் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வளாகத்திலும் இதேதான். சென்னை, பழைய மகாபலிபுரம் சாலைக்கு உள்ளே தள்ளி மூன்று பிளாக், 84 வீடு. குடிநீர் வாரியக் குழாய் இல்லை; பாதி போர் தண்ணீர், பாதி லாரித் தண்ணீர். இந்த மாதிரி இடத்தில் அசோசியேஷன் சொல்ல வேண்டிய சேதியில் முக்கால்வாசி தண்ணீர், லிஃப்ட், பணம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

நான் பொறுப்பேற்ற மூன்றாவது வாரம். இரவு 9:10-க்கு, ‘நாளை காலை 7 முதல் 1 வரை தண்ணீர் வராது, தொட்டி சுத்தம் செய்கிறோம்’ என்று குரூப்பில் போட்டேன். 9:20-க்கு ஒருவர் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றப் படங்களைப் போட்டார். வாழ்த்து, கைதட்டல், பூங்கொத்து என்று அறுபது செய்தி குவிந்தது. என் அறிவிப்பு அடியில் போய்விட்டது. காலை 7:40-க்குத் தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு பி பிளாக் பால்கனியில் ஒருவர் வந்து நின்று செக்யூரிட்டியைக் கூப்பிட்டது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதைவிடக் கூத்து சாயங்காலம் நடந்தது. வேலையிலிருந்து வந்து குரூப்பைத் திறந்த சிலர், ‘நாளை’ என்பதைப் படித்துவிட்டு, மறுநாளைக்கென்று அண்டா குண்டாவெல்லாம் நிரப்பி வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தேதி போடாதது நான். அன்றோடு ‘இன்று’, ‘நாளை’ இரண்டையும் அறிவிப்பில் எழுதுவதை விட்டேன். ‘14-ம் தேதி, செவ்வாய், காலை 7 முதல் பகல் 1 வரை’ என்றுதான் எழுதுவேன்.

குரூப்பையும் இரண்டாக்கினோம். பேசுவதற்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று. அட்மின் மட்டுமே எழுதும் வசதி வாட்ஸ்அப்பில் 2018-லேயே வந்துவிட்டது, எங்களுக்குத்தான் தோன்றவில்லை. பேசும் குரூப்பை மூடச் சொல்லிச் சிலர் நச்சரித்தார்கள். நான் மூடவில்லை. நாய் விவகாரமும் பார்க்கிங் சண்டையும் அங்கே ஓடாவிட்டால் என் வீட்டு வாசலுக்கு வரும்.

ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. குரூப்பில் இருந்தவர்கள் எல்லாரும் உரிமையாளர்கள். 84-இல் 31 வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள், அவர்களில் ஒருவர்கூடக் குரூப்பில் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளருக்குத் ‘தண்ணீர் வராது’ என்ற சேதி பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. அவர் வீட்டில் குழாயைத் திறப்பவருக்குத் தெரியாது. வாடகைதாரர்களைச் சேர்க்கலாம் என்றதும் கமிட்டியில் ஒருவர், “அவங்க எதுக்கு சார், மெம்பரே இல்லையே?” என்றார். ஓட்டுப் போடத்தான் மெம்பராக இருக்க வேண்டும், குளிக்க வேண்டியதில்லை. அறிவிப்பு குரூப்பில் எல்லாரையும் சேர்த்தோம். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் தாளிலும் ஆங்கிலத்துக்கு மேலே தமிழைப் பெரிதாகப் போட்டோம். நிறைய வீடுகளில் பகலில் தண்ணீர் பிடித்து வைப்பது வீட்டு வேலைக்கு வரும் அம்மாதான். ‘கைண்ட்லி நோட்’ என்று ஆரம்பிக்கும் அறிவிப்பு அவருக்கு எதற்கு?

நான் இப்போதும் கூசுகிற ஒரு காரியம் உண்டு. மெயின்டெனன்ஸ் பாக்கி வைத்தவர்கள் பட்டியலை வீட்டு எண்ணோடு குரூப்பில் போட்டேன். அதில் ஒரு வீட்டு அம்மா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும், பணத்தை முதல் தேதியே கட்டியிருந்தார். வங்கியில் அனுப்பும்போது வீட்டு எண்ணைக் குறிப்பிடாததால் யாருடையது என்று தெரியாத கணக்கில் நின்றுவிட்டது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நான்கு மாடி இறங்கி வந்தார். அன்று லிஃப்ட் வேறு சர்வீஸில் இருந்தது. “கட்டிட்டேன் தம்பி, பாருங்கோ” என்று விரலை வைத்துக் காட்டினார். குரூப்பில் மன்னிப்புக் கேட்டேன், வீட்டுக்குப் போயும் கேட்டேன். அதற்குள் பட்டியலைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தார்கள். பாக்கியைப் பற்றி முதலில் தனியாக ஒரு செய்தி, பிறகு ஒரு போன், அதற்கும் பதில் இல்லையென்றால் கடிதம். பட்டியல் வேண்டவே வேண்டாம்.

பண விஷயத்தில் இன்னொன்று. சதுர அடிக்கு 3.50 ரூபாயாக இருந்த மெயின்டெனன்ஸை 4.25 ஆக்க வேண்டியிருந்தது. ‘செலவினங்கள் அதிகரித்துள்ளதால்’ என்று சர்க்குலர் விட்டோம், பொதுக்குழுவில் கிழித்து எறிந்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு பக்கம் கொடுத்தேன். கோடையில் நாளைக்கு மூன்று லாரி, லாரி 1,400 ரூபாய், மாதம் 1,26,000. சதுர அடிக்கு 1.25 ரூபாய் தண்ணீருக்கே போகிறது. 1,200 சதுர அடி வீட்டுக்கு இனி மாதம் 900 ரூபாய் கூடும். அவ்வளவுதான் எழுதியிருந்தேன். சண்டை வராமல் இல்லை; ஆனால் போர் மோட்டாரைப் பற்றியும், தண்ணீர் மீட்டர் வைப்பதைப் பற்றியும் வந்தது. அரை மணி நேரத்தில் தீர்மானம் நிறைவேறியது.

அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது. இரண்டு குரூப்பும் செத்துவிட்டன. நோட்டீஸ் போர்டு இருந்தது தரைத்தள பார்க்கிங்கில். அதற்குள் இடுப்பளவுத் தண்ணீர். மேடை கட்டி வைத்திருந்ததால் ஜெனரேட்டர் மட்டும் பிழைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியிடம் மஞ்சள் சார்ட் பேப்பர் இருந்தது. அதில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, ஒவ்வொரு பிளாக்கிலும் முதல் மாடிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டினோம்: ‘டீசல் 60 லிட்டர் இருக்கிறது. ஜெனரேட்டர் காலை 7 முதல் 8, மாலை 6 முதல் 7. அந்த நேரத்தில் மட்டும் தண்ணீர், லிஃப்ட், போன் சார்ஜ். அடுத்த தகவல் பகல் 12 மணிக்கு.’

அந்தக் கடைசி வரியை ஏதோ தோன்றி எழுதினேன். பன்னிரண்டு மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ‘மாற்றம் இல்லை, அடுத்த தகவல் 5 மணிக்கு’ என்று எழுதிவிட்டு வந்தேன். கதவைத் தட்டி ‘எப்போ சார் கரண்ட் வரும்?’ என்று கேட்பது பாதியாகக் குறைந்தது. சாயங்காலம் பார்த்தால் தாளின் அடியில் வேறு வேறு கையெழுத்தில் வரிகள் சேர்ந்திருந்தன. ஒருவர் வீட்டில் கேஸ் இருக்கிறது, குழந்தைகளுக்குப் பால் காய்ச்சித் தருகிறோம் என்று. இன்னொருவரிடம் இன்சுலின் வைக்க ஐஸ் பெட்டி இருக்கிறது என்று.

சட்டப்படியான விஷயங்களுக்குக் காகிதத்தை விடாதீர்கள். கூட்ட அறிவிப்பை எப்படி, எத்தனை நாள் முன்பு தர வேண்டும் என்று உங்கள் சங்கத்தின் துணைவிதியிலேயே இருக்கும். ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022-இன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டிடத்தை இடித்துக் கட்டலாம். அந்த அளவு பெரிய முடிவுக்கு ‘கட்டைவிரல்’ எமோஜியை எண்ணிக்கொண்டிருக்க முடியாது, கையெழுத்து வேண்டும்.

ஆப் வாங்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். வாசலில் விசிட்டரைச் சரிபார்க்கவும் பில் அனுப்பவும் வசதிதான். நாங்களும் போன வருடம் வாங்கினோம். இப்போதைய செயலாளர் அதில்தான் எல்லாம் போடுகிறார். போட்டதை அச்சடித்து லிஃப்டுக்குப் பக்கத்திலும் ஒட்டுகிறார். நோட்டீஸ் போர்டு மட்டும் முதல் மாடிக்கு ஏறிவிட்டது.