பதில்: 4294967297 பகா எண்தானா?

வணக்கம் நண்பரே. 500 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடவில்லை, ஆகவே 4294967297 பகா எண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சற்று முன்னதாகவே நிறுத்திவிட்டீர்கள். இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது; அதுவரை போகத்தான் வேண்டும். ஆனால் 641-லேயே அகப்பட்டிருக்கும்: 641 × 6700417.

உங்கள் எண் 2³² + 1. இதைப் பகா எண் என்றே கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதைக் காரணிகளாக உடைத்துக் காட்டினார். இதன் பகாக் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று அவரே நிறுவினார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே முயற்சி!

கால்குலேட்டர் இல்லாமலும் சரிபார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த வழி இது. 640 = 5 × 2⁷; இது 641-க்கு ஒன்று குறைவு, ஆகவே 641-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. 641 = 625 + 16 என்பதால் 5⁴-க்குப் பதிலாக −2⁴ வைக்கலாம். உடனே −2³²-இன் மீதி 1, அதாவது 2³² + 1-இன் மீதி 0.

6700417 பகா எண்தான். அதை நீங்களே சோதிக்க 2588 வரை போனால் போதும்.